பட்டமரத்துச் செய்தியும் பன்னிரண்டு யானை நாளும்

“கரை உடைந்தால் சொல்லலாம். கசிவதையெல்லாம் சொன்னால் எவன் கேட்பான்?”

ஏரிக்கரை மேல் உட்கார்ந்திருந்த கரிச்சான் குருவி, பக்கத்தில் இருந்த தவிட்டுக்குருவியிடம் இப்படிச் சொன்னது. சொன்னதும் இரண்டும் பறந்துபோய்விட்டன. கரையின் அடிவாரத்தில், வளைக்குள் படுத்திருந்த அழுங்கின் காதில் அந்தப் பேச்சு தற்செயலாக விழுந்தது.

அழுங்கு, உடம்பு முழுக்கச் செதில் போர்த்திய பிராணி. கறையானும் எறும்பும்தான் அதற்குச் சாப்பாடு. நன்றாகத் தோண்டும். மெல்லப் பேசும். கத்த மட்டும் வராது. யாராவது உற்றுப் பார்த்தால்கூடப் பந்துபோலச் சுருண்டுகொள்ளும். இந்த அழுங்குக்கு ஒரே ஒரு குட்டி. தாய் எங்கே போனாலும் வாலைப் பிடித்துக்கொண்டு சவாரி வரும்.

கசிவு என்ற சொல்லைக் கேட்டதும் அழுங்கு எழுந்து, வளையின் பின்சுவரைத் தடவிப் பார்த்தது. மூன்று நாளாகவே சுவர் ஈரமாகத்தான் இருந்தது. குட்டி செய்த வேலை என்று நினைத்து, குட்டியைத் திட்டியும் இருந்தது. இப்போது நகத்தை வைத்து அழுத்தியதும் மண் சேறாகக் கரைந்தது. பின்னாலேயே நீர் சொட்டியது. ஏரி நீர்.

கரைக்குக் கீழே இருந்தது பள்ளக்காடு. அழுங்கும் முயல்களும் கௌதாரிகளும் அங்கேதான் குடியிருந்தன. மேட்டுப் பக்கம் முழுக்கப் பாறை. அங்கே யாரும் வளை தோண்ட முடியாது. மழைக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. மழை வந்து ஏரி நிரம்பினால் இந்தச் சொட்டு ஓட்டையாகும். ஓட்டை உடைப்பாகும். பள்ளக்காட்டில் ஒரு குட்டிகூட மிஞ்சாது.

அழுங்கு தன் குட்டியை வாலில் ஏற்றிக்கொண்டு முள்ளம்பன்றியைத் தேடிப் போனது.

முள்ளம்பன்றிதான் அந்தக் காட்டின் பொதுக்கிடங்குக்குக் காவல். எல்லா விலங்குகளும் தங்கள் பங்காகக் கிழங்கும் பழமும் கொண்டுவந்து அந்தக் கிடங்கில் சேர்க்கும். அதைச் சாப்பாடாகக் கொடுத்து, மழைக்கு முன்னால் யானைக் கூட்டத்தைப் பன்னிரண்டு நாள் வேலைக்கு அழைப்பார்கள். அதற்கு யானை நாள் என்று பெயர். கல் நகர்த்துவது, வழி திருத்துவது, கரை கட்டுவது எல்லாம் அந்தப் பன்னிரண்டு நாளுக்குள் முடிய வேண்டும். எந்த நாளை எதற்குச் செலவழிப்பது என்று முடிவு செய்வது தலைவர் காட்டெருது.

முள்ளம்பன்றி வந்து பார்த்தது. ஈர மண்ணை முகர்ந்தது. கசிவை அடைக்க நான்கு யானை நாள் போதும் என்றது. தலைவரிடம் சொல்லி அந்த நான்கு நாளை ஒதுக்கியும் வைத்தது.

“பயப்படாதே தங்கச்சி. கடைசி நான்கு நாள் உன் கரைக்கு. தலைவரே தலையாட்டிவிட்டார்.”

அழுங்கு நிம்மதியாக வளைக்குத் திரும்பியது. தலைவரின் தலை எத்தனை பக்கம் ஆடும் என்று அதற்கு அப்போது தெரியாது.

அந்தக் காட்டின் நடுவில் ஒரு திடல். திடலின் ஓரத்தில் ஒரு பட்டமரம். அதன் உச்சிக் கிளையில் உட்கார்ந்துதான் கரிச்சான் காலையும் மதியமும் மாலையும் செய்தி சொல்லும். ஒரு காலத்தில் காட்டுத்தீயை முதலில் பார்த்துச் சொன்னது அந்தப் பறவைதான். அதனால் அதற்கு நல்ல பெயர். கரிச்சானுக்கு இன்னொரு திறமையும் உண்டு. யாருடைய குரலையும் அப்படியே எடுத்துக் காட்டும். மான் அலறியது என்று சொல்லாது. அலறியே காட்டும்.

கரிச்சான் பொய் சொன்னதே இல்லை. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எதைச் சொல்வது, எத்தனை முறை சொல்வது என்பதை மட்டும்தான் அது முடிவு செய்தது.

கீழ்க்கிளையில் தவிட்டுக்குருவிகள் ஏழு உட்கார்ந்திருக்கும். கரிச்சான் சொல்லி முடித்ததும் அவை விவாதம் நடத்தும். ஏழும் ஒரே நேரத்தில் பேசும். ஒன்று சொன்னதை இன்னொன்று கடுமையாக மறுக்கும். மறுத்துவிட்டு அதையே திரும்பச் சொல்லும். திடலில் கூடிய விலங்குகள், இவ்வளவு பேர் பேசுகிறார்களே, விஷயம் பெரியதாகத்தான் இருக்கும் என்று வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருக்கும்.

தலைவர் காட்டெருதுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்த முடிவையும் எடுப்பதற்கு முன்னால், “இன்று பட்டமரத்தில் என்ன சொன்னார்கள்?” என்று கேட்கும். கரையைப் போய்ப் பார்க்க அதற்கு நேரமில்லை. கேட்பதற்கு நேரமிருந்தது.

யானைகள் வந்து சேர்வதற்கு இரண்டு நாள் முன்பு, பட்டமரத்துக்கு எதிரில் இருந்த பாறையில் ஒரு குரங்குக்குட்டி வழுக்கி விழுந்தது. வாலில் அடி. வீல் என்று அழுதது. தாய் வந்து தூக்கிக்கொண்டது. அதோடு முடிந்தது.

கரிச்சானுக்கு மட்டும் அது முடியவில்லை. குட்டியின் அழுகையை அதே குரலில் காலையில் ஒருமுறை அழுதது. மதியம் இரண்டு முறை. மாலையில் தாயின் குரலையும் சேர்த்துக்கொண்டது. பாறையில் படி இல்லாதது யார் குற்றம் என்று தவிட்டுக்குருவிகள் ஏழும் கத்தின. மறுநாளும் அதே அழுகை. மான்கள் கண்ணீர் விட்டன. காட்டுப்பன்றிகள் கோபத்தில் தரையைக் கிளறின.

குரங்குக்குட்டிக்கு அதற்குள் வால் சரியாகிவிட்டது. அது பட்டமரத்துக்கு எதிரிலேயே கிளைக்குக் கிளை தாவிக்கொண்டிருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. எல்லா விலங்குகளும் அதன் அழுகையைக் கேட்டுக்கொண்டிருந்தன.

தலைவர் பாறையில் படி வெட்ட மூன்று யானை நாளைக் கொடுத்தது. அன்று மாலையே பட்டமரத்தில் தலைவருக்குப் பாராட்டு. படியும் வந்தது. குரங்குகள் என்றைக்குப் படியில் இறங்கின? இன்றுவரை ஒரு குரங்கும் அதில் கால் வைத்ததில்லை.

மூன்று போய் ஒன்பது மீதி. “ஒன்பதில் உன் நான்கு பத்திரமாக இருக்கிறது” என்று முள்ளம்பன்றி அழுங்கிடம் சொல்லிவிட்டுப் போனது.

அடுத்தது செந்நாய். இரண்டு மலைக்கு அப்பால் ஒரே ஒரு செந்நாய் ஓடையில் நீர் குடித்துவிட்டுப் போனதைக் கரிச்சான் பார்த்தது. ஒரு செந்நாய் என்றுதான் சொன்னது. ஆனால் ஊளையிட்டுக் காட்டியபடி சொன்னது. மூன்று வேளையும் ஊளையிட்டது. அன்று மாலை முயல்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோது செந்நாய் நான்காகியிருந்தது. மறுநாள் காலையில் முப்பது.

மேற்குப் பக்கம் முள்வேலி போட வேண்டும் என்று காடே கேட்டது. எல்லோரையும்விட உரக்கக் கேட்டது, பள்ளக்காட்டு முயல்கள்தான். அழுங்கு தன் பக்கத்து வளை முயலிடம் கசிவைப் பற்றி மெல்லச் சொல்லிப் பார்த்தது. கரை உடைந்தால் வேலி எதைக் காக்கும் என்று கேட்டது.

“உனக்கென்ன அக்கா, உடம்பெல்லாம் செதில். கடித்தால் நாய்க்குத்தான் பல் போகும். எங்கள் தோலைப் பார், காற்றடித்தாலே கிழியும்” என்றது முயல். பிறகு ஒரு மாதிரியாகச் சிரித்தது. “அது சரி, கரை கசிகிறது என்றால் பட்டமரத்தில் சொல்லியிருப்பார்களே?”

வேலிக்கு ஐந்து யானை நாள் போனது. அந்த முயல் வேலி வேலையை வேடிக்கை பார்க்கப் போயிருந்த நேரத்தில், அதன் வளையின் அடித்தரையும் ஈரமாகத் தொடங்கியது.

இப்போது நான்கு மீதி. முள்ளம்பன்றியின் முகம் வாடியிருந்தது. திடலில் கடைசிக் கூட்டம் நாளை நடக்கப்போகிறது, யார் எதைக் கேட்பார்கள் என்று தெரியவில்லை, கரையைப் பற்றிப் பட்டமரத்தில் ஒரு வார்த்தை வந்துவிட்டால் நல்லது என்றது.

அழுங்கு குட்டியை வாலில் ஏற்றிக்கொண்டு பட்டமரத்தடிக்குப் போனது. அண்ணாந்து பார்த்து, கசிவைப் பற்றிச் சொன்னது. பின்சுவர் ஈரம், சொட்டு, சேறு, எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னது.

கரிச்சான் பொறுமையாகக் கேட்டது. அது கெட்ட பறவை இல்லை.

“எனக்கு இதெல்லாம் தெரியும் அம்மா. நானே பார்த்தேன். ஆனால் இதை எந்தக் குரலில் சொல்வது? ஒரு தடவை அழுது காட்டு. நாளைக் காலையில் போட்டுவிடுகிறேன்.”

அழுங்கு முயன்று பார்த்தது. ஸ் என்று ஒரு மூச்சு வந்தது. அவ்வளவுதான்.

“குட்டியாவது அழுமா?”

குட்டி வாலில் தூங்கிக்கொண்டிருந்தது. கரிச்சான் கீழே இறங்கிவந்து அதை ஒரு கண்ணால் பார்த்தது. அழுங்கு உடனே குட்டியை உள்ளே வைத்துச் சுருண்டுகொண்டது. தவிட்டுக்குருவிகள் ஏழும் சிரித்தன. புளியம்பழத்துக்குச் செதில் முளைத்திருக்கிறது என்றது ஒன்று. மற்ற ஆறும் அதை மறுத்து, செதிலுக்குத்தான் புளியம்பழம் முளைத்திருக்கிறது என்றன. அன்று மாலைச் செய்தியின் கடைசியில், வேடிக்கைப் பகுதியில், அந்தப் பேச்சு வந்தது. கசிவு வரவில்லை.

மறுநாள் கூட்டம். திடல் நிறைய விலங்குகள். முள்ளம்பன்றி எழுந்து, மீதி நான்கு நாள் கரைக்கு என்று முன்பே பேசியதைத் தலைவருக்கு நினைவூட்டியது. சொல்ல ஆள் இருக்கிறது என்று அழுங்கை முன்னால் தள்ளியது.

“சொல்லம்மா” என்றது காட்டெருது.

எல்லாக் கண்களும் திரும்பின. மானின் கண், பன்றியின் கண், வரிசையாக முயல்களின் கண். அழுங்கு வாயைத் திறந்தது. தான் சொல்ல வந்தது தன் குட்டியின் உயிர் என்று அதற்குத் தெரியும். ஆனால் உடம்பு அதைக் கேட்கவில்லை. தலை உள்ளே போனது, வால் சுற்றிக்கொண்டது. திடலின் நடுவில் ஒரு பந்து கிடந்தது.

காட்டெருது கொஞ்சம் காத்திருந்தது. பிறகு இருமியது.

அப்போது மேலிருந்து ஒரு குரல் கேட்டது. தலைவரின் குரலேதான். ஆழமாக, கம்பீரமாக, “காட்டின் குரலைக் காப்பது என் கடமை” என்றது. காட்டெருதின் காதுகள் நிமிர்ந்தன. தன் குரலைத் தூரத்திலிருந்து கேட்பதில் அதற்கு எப்போதுமே ஒரு ஆசை. குரல் தொடர்ந்தது. பட்டமரம் சாய்ந்து வருகிறது என்றும், அது விழுந்தால் காட்டுக்கே வாய் போய்விடும் என்றும், தொலைநோக்குள்ள தலைவர் அதை விடமாட்டார் என்றும் சொன்னது. மரம் உண்மையிலேயே ஒரு விரல் அளவு சாய்ந்திருந்தது. கரிச்சான் பொய் சொல்லாது.

தவிட்டுக்குருவிகள் ஏழும் ஆளுக்கொரு பக்கமாகச் சாய்ந்து காட்டின. முயல்கள் ஐயோ என்றன.

மரத்தைச் சுற்றிக் கல் முட்டுக் கொடுக்க நான்கு யானை நாளும் போயின.

திடல் காலியான பிறகுதான் பந்து அவிழ்ந்தது. முள்ளம்பன்றி பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அதற்குத் திட்ட மனம் வரவில்லை. கத்தத் தெரியாதவர்கள் காட்டில் குடியிருக்கவே கூடாது போலிருக்கிறது என்று மட்டும் சொன்னது.

அழுங்கு திடலைப் பார்த்தது. பிறகு தன் வளை இருந்த பக்கம் பார்த்தது. வளையைவிடத் திடல் ஒரு முழம் தாழ்வாக இருந்தது. இடையில் அறுபது காலடித் தூரம், முழுக்க மிருதுவான மண்.

“முள்ளண்ணே, அந்தக் குருவி எங்கே பார்க்கும்?”

“எங்கேயும் பார்க்கும். ஆனால் பதறுவது தன் காலடிக்குத்தான். குரங்கு விழுந்தது எங்கே? அதன் எதிரில். மரம் சாய்வது எங்கே? அதன் அடியில்.”

“அப்படியென்றால் கசிவை அங்கே கொண்டுபோய்விடுகிறேன்” என்றது அழுங்கு.

கரையில் அது கை வைக்கவில்லை. தன் வளையிலிருந்து பட்டமரம் வரை தரைக்கு அடியிலேயே ஒரு சுரங்கம் தோண்டத் தொடங்கியது. வளைக்குள் சொட்டுகிற நீர் அந்த வழியாக ஓடி மரத்தடியில் போய்ச் சேர வேண்டும். அதுதான் கணக்கு. யானைகள் மேலே கல்லை உருட்டி முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தன. தலைவர் தினமும் வந்து பார்வையிட்டது. கரிச்சான் அதைத் தினமும் செய்தியாகச் சொன்னது. கீழே அழுங்கு மண்ணைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனது. குட்டி வாலில் இருந்து இறங்கவே இல்லை. நான்காம் நாள் முட்டு வேலை முடிந்து யானைகள் கிளம்பின. ஆறாம் நாள் அழுங்கின் நகம் பட்டமரத்தின் வேரில் பட்டது. ஏழாம் நாள் முதல் மழை பெய்தது.

ஏரி ஏறியது. சொட்டு, விரல் தடிமனுக்குத் தாரையானது. பள்ளக்காட்டுக்குப் போக வேண்டிய நீர் சுரங்கத்தில் ஓடியது. புதிதாக வைத்த கற்களுக்கு அடியில் மண் இளகியது. காலைச் செய்தி பாதியில் நின்றது. மரம் இரண்டு முழம் சாய்ந்தது. உச்சிக் கிளையில் இருந்த கரிச்சான் வழுக்கி, கீழே சேற்றில் விழுந்தது.

அன்றைக்குத்தான் காடு கரிச்சானின் சொந்தக் குரலை முதல் தடவையாகக் கேட்டது. அது கீச்சென்ற, அற்பமான குரல்.

“வெள்ளம்! வெள்ளம்! காடு அழிகிறது!”

தவிட்டுக்குருவிகள் ஏழும் முதல் முறையாக ஒன்றை ஒன்று மறுக்காமல் அலறின. காட்டெருது மழையில் நனைந்தபடி ஓடிவந்தது. யானைகளைத் திரும்ப அழை என்றது. கிடங்கில் யானைச் சாப்பாடு தீர்ந்துவிட்டது என்று முள்ளம்பன்றி சொன்னது. அடுத்த வருடத்துக்கு வைத்திருப்பதை எடு என்றது தலைவர். இது அவசரம் என்றது. அவசரத்தில் கணக்குப் பார்க்கக் கூடாது என்றது. ஒரு மாதமாகக் கரைக்குக் கணக்குப் பார்த்த வாய்தான் அது.

யானைகள் வந்தன. நீர் எங்கிருந்து வருகிறது என்று சுரங்கத்தைக் கிளறிக்கொண்டே போனால், அது அழுங்கின் வளைக்குள் போய், கரையில் முடிந்தது. கரைக்குள் ஒரு பன்றி நுழையும் அளவுக்கு மண் கரைந்திருந்தது. இன்னும் இரண்டு மழை பெய்திருந்தால் மிச்சமும் போயிருக்கும். நான்கு நாளில் முடியவேண்டிய வேலை, மழையில், ஒன்பது நாள் ஆனது. கரை நின்றது. பள்ளக்காடு நின்றது.

வெள்ளத்தை முதலில் சொன்னது கரிச்சான் என்று தவிட்டுக்குருவிகள் கூறின. வெள்ளத்தைத் தடுத்தது தலைவரின் தொலைநோக்கு என்று கரிச்சான் சொன்னது, தலைவரின் குரலிலேயே. பக்கத்து வளை முயல் அழுங்கைப் பார்த்து, “பார்த்தாயா அக்கா, பட்டமரத்தில் சொன்ன பிறகுதானே காரியம் நடந்தது?” என்றது.

யானைகள் கிளறிப்போட்டதில் அழுங்கின் வளையே இல்லாமல் போயிருந்தது. அது குட்டியை ஒரு வேப்பமரத்தடியில் இறக்கிவிட்டு, புது வளை தோண்டியது.

அடுத்த கோடை வந்தது. கிடங்கில் கடன் போக மூன்றே மூன்று யானை நாள் மீதி இருந்தது. பட்டமரம் விழுந்துவிட்டதால் கரிச்சான் திடலின் மறுபக்கம் இருந்த இலுப்பை மரத்துக்குக் குடிபெயர்ந்திருந்தது. அங்கே நிழலும் இருந்தது. திடலில் கூட்டம் கூடியது. முள்ளம்பன்றி எழுந்தது. வடக்குக் கரையில் புதிதாக ஈரம் தெரிகிறது, இருக்கிற மூன்று நாளையும் அதற்கே கொடுத்துவிடலாம் என்றது.

காட்டெருது தலையைச் சாய்த்து யோசித்தது.

“இலுப்பை மரத்தில் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?”

அன்றைய செய்தி வேறு. ஒரு மயிலின் தோகையில் மூன்று இறகு உதிர்ந்திருந்தது. கரிச்சான் காலையிலிருந்தே அகவிக்கொண்டிருந்தது.

முள்ளம்பன்றி முள் சிலிர்க்க நின்றது. “தலைவரே, கூச்சல் கேட்கும் பக்கமெல்லாம் பொதுச்சொத்தைக் கொட்டினால், சத்தமில்லாமல் வருகிற ஆபத்துக்கு இரண்டு மடங்கு கொடுக்க வேண்டியிருக்கும். போன வருடம் கொடுத்தோமே” என்றது. அந்த ஈரத்தைப் பார்த்தவர் யாராவது உண்டா என்று காட்டெருது கூட்டத்தைக் கேட்டது.

கடைசி வரிசையில் இருந்த அழுங்கு எழுந்தது. எல்லாக் கண்களும் அதன் பக்கம் திரும்பின. தவிட்டுக்குருவிகள் ஏழும் சிரிக்கத் தயாராயின. அழுங்கு சுருளவில்லை. கூட்டத்தின் நடுவே நடந்து இலுப்பை மரத்தடிக்குப் போனது. வடக்குக் கரை இருந்த திசையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, வேருக்குப் பக்கத்தில், எல்லோரும் பார்க்கத் தோண்டத் தொடங்கியது.